நீயா, மாத்திரையா?

1

போன வாரம் டிராம் வண்டியில் ஒரு பெண் எனக்கு எழுந்து இடம் விட்டாள். பள்ளிக்கூடம் போகிற வயது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தவள், என் வயிற்றைப் பார்த்தாள், சட்டென்று எழுந்தாள், "உட்காருங்கள்" என்று கையைக் காட்டினாள். இந்த ஜெர்மனியில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்று வந்த நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருப்பவள் நான். முகத்தைத்தான் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

நான் கர்ப்பிணி இல்லை. அதைச் சொல்லும் அளவுக்கு ஜெர்மன் எனக்குத் தெரியும். ஆனால் கால் வீங்கிக் கிடந்தது, இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். நன்றியும் சொன்னேன். இறங்கும் வரை வயிற்றில் கை வைத்துக்கொண்டு வேறு உட்கார்ந்திருந்தேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கருப்பையில் புற்றுநோய். கண்டுபிடித்தது ஆரம்பக் கட்டத்தில். வழக்கமாக இதற்குக் கருப்பையை எடுத்துவிடுவார்கள், அதோடு பெரும்பாலும் தொல்லை தீர்ந்துவிடும். எனக்கு முப்பத்தேழு வயது, பிள்ளை இல்லை. "பிள்ளை வேண்டும் என்றால் எடுக்காமல் ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. "அவ்வப்போது உள்ளேயிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிப்போம். போய்விட்டால் சந்தோஷம். போகாவிட்டால் எடுத்தே ஆக வேண்டும்."

கருப்பைக்கு ஜெர்மன் மொழியில் உள்ள சொல்லைப் பிரித்தால் 'பெற்றெடுக்கும் அம்மா' என்று வருகிறது. அந்த அம்மாவைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மாத்திரையை விழுங்க ஆரம்பித்தேன். அடுத்த மாதம் வந்தால் வருஷம் திரும்புகிறது.

2

மாத்திரை சின்னது, வெள்ளை. பார்த்தால் தலைவலி மாத்திரை மாதிரி சாதுவாக இருக்கும். அது செய்கிற அட்டகாசம் இருக்கிறதே!

முதலில் பசி. பசி என்றால் நீங்கள் நினைக்கிற பசி இல்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் வருகிற பசி. நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறேன். உருளைக்கிழங்கை வடிகட்டும்போதே இரண்டு வாய்க்குள் போய்விடும். பிள்ளைகள் கடித்துவிட்டு மிச்சம் வைத்த ரொட்டியைப் பார்த்தாலே கை நீளும். சீ, நாமா இது என்று இழுத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண், "கேரட்டும் வெள்ளரிக்காயும் நறுக்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பசித்தால் அதைத் தின்னுங்கள்" என்றாள். தின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து சோற்றையும் தின்றேன்.

அடுத்தது உடம்பு. முகம் உப்பிவிட்டது. கல்யாண மோதிரத்தை சோப்புப் போட்டுக் கழற்றினோம். ரத்தம் உறையக் கூடாது, கால் வீங்கக் கூடாது என்று முழங்கால் வரைக்கும் இறுக்கமான காலுறை கொடுத்தார்கள். அதை மாட்டுவது காலை நேரத்தில் ஒரு குஸ்தி. நான் கட்டிலில் மல்லாந்து கிடக்க, என் வீட்டுக்காரர் குமரேசன் தரையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார். மாட்டி முடித்ததும் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும்.

வியர்வையைப் பற்றிக் கேட்காதீர்கள். வெளியே பனி கொட்டும், நான் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு விசிறிக்கொண்டிருப்பேன். பேருந்து நிறுத்தத்தில் எல்லாரும் கோட்டுக்குள் முடங்கி நிற்க, ஒருத்தி மட்டும் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றால் அது நான்தான்.

இதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். பருத்தித் துணி உடுத்தலாம், கையில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளலாம், வேலைக்குப் போகும் முன் ஆற்றங்கரையில் வேகமாக நடக்கலாம். நடந்தால் பசி குறைகிறதோ இல்லையோ, மனசு கொஞ்சம் இறங்குகிறது. சமாளிக்க முடியாதது கோபம்.

எனக்குக் கோபம் பிறவியிலேயே உண்டு. எங்கள் ஊர் கோவில்பதாகையில் தண்ணீர் லாரி வரும்போது அம்மாவும் நானும் வரிசையில் நின்றால், குறுக்கே குடம் வைக்க ஒருத்திக்கும் தைரியம் வராது. ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கும். இந்தக் கோபத்துக்குக் காரணமே கிடையாது. ஸ்பூன் கீழே விழுந்தால் கோபம். குமரேசன் தொண்டையைச் செருமினால் கோபம். கோபம் அடங்கினால் அழுகை. சலவைத்தூள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தேம்பி அழுதிருக்கிறேன். மருந்துக்கடையில் போய் "கோபத்துக்கு ஒரு மாத்திரை வேண்டும்" என்று கேட்டேன். என் ஜெர்மனின் லட்சணம், "கோபம் வருவதற்கா?" என்று கேட்டான் கடைக்காரன். "அதற்கு ஏற்கெனவே ஒன்று தின்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குமரேசன் பாவம், பொறுமைசாலி. ஒரு நாள் நான் காட்டுக்கத்தல் கத்திக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார். "செல்வி, இப்போ பேசறது நீயா, மாத்திரையா?"

கையிலிருந்த கரண்டியை வீசினேன். அவர் குனிந்துவிட்டார், குளிர்சாதனப் பெட்டியில் பட்டுப் பள்ளம் விழுந்தது. ஆனால் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை தலைக்கு ஏறும்போதும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரிந்தால் பாதி அடங்கிவிடும். பெரும்பாலான நாட்களில் பதில் தெரியாது.

காப்பகத்துப் பிள்ளைகளில் லீனா என்று ஒரு வாயாடி உண்டு. இங்கே பெரியவர்கள் யாரும் அடுத்தவர் உடம்பைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். லீனாவுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

"செல்வி, உன் வயிற்றில் பாப்பா இருக்கா?"

"இல்லை."

"அப்போ என்ன இருக்கு?"

"மாத்திரை."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவ்வளவு மாத்திரையா தின்னே?" என்றாள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

3

முதல் பரிசோதனையில் பாதி ஜெயம். "குறைந்திருக்கிறது, போகவில்லை. இன்னும் ஒரு சுற்றுப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. அந்த இடைவெளியில்தான் தங்கை மஞ்சுவுக்கு வளைகாப்பு வந்தது. விமானத்தில் எழுந்து எழுந்து நடக்க வேண்டும், காலுறையைக் கழற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு போகச் சொன்னார்கள்.

ஊரில் யாருக்கும் நோயைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கேன்சர் என்று சொன்னால் அடுத்த கேள்வி எத்தனை நாள் என்பதுதான். மஞ்சு வயிற்றுப்பிள்ளைக்காரி. அப்பா போன பிறகு அம்மா இப்போதுதான் நாலு பேரோடு சிரித்துப் பேசுகிறாள். வளைகாப்பு முடியட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கோவில்பதாகையில் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னா செல்வி, நல்லா பூசிகினு வந்துகீற! வெள்ளக்காரன் சோறு ஒத்துகிச்சா?" "ஆளே அடையாளம் தெர்லியே!" இதற்கெல்லாம் தயாராகத்தான் போயிருந்தேன். பதிலுக்கு, "உனுக்கு ஏன் வவுத்தெரிச்சல்?" என்று நானும் விட்டேன்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பார்வை வயிற்றில் ஒரு நொடி நின்றது. "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றாள். பத்து வருடமாகத் தொலைபேசியை எடுத்தவுடன் "இன்னா, ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்கிறவள் அவள். இந்த முறை அதைக்கூடக் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து பப்பாளிப்பழம் நறுக்கிக் கொடுத்தனுப்பினார்கள். பசிக்குச் சொல்லவா வேண்டும், கை வைத்தேன். அம்மா தட்டைப் பிடுங்காத குறை.

"அது வோணாம். சூடு."

"பழத்துல என்னம்மா சூடு?"

"சொன்னா கேளு. வாழப்பழம் வாங்கியாந்து கீறேன், அத்த துன்னு."

தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். சின்ன வயதில் என் இடுப்பில் குடம் வைக்காத நாள் கிடையாது, அதே அம்மா. காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தால் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள். "வேள தவறாம போடு. அத்த மட்டும் உட்றாத" என்றாள். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. குமரேசன் உளறிவிட்டாரோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அவர் சாமி சத்தியமாகச் சொல்லவில்லை என்றார்.

ஆனால் சாப்பாடு! அந்த மாத்திரைப் பசிக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அம்மாவின் அடுப்படிதான். கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டுக்கொண்டே இருந்தாள். ஜெர்மனியில் ஒவ்வொரு கவளத்துக்கும் குற்றவாளியாக நின்றவள் நான். இங்கே மூன்றாம் முறை கேட்டால் அம்மா முகத்தில் விளக்கு எரிந்தது. "துன்னு, துன்னு. இப்ப துன்னாம எப்ப துன்னுவ?"

இப்போது எழுதும்போது எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அப்போது நான் பசியில் இருந்தேன்.

4

வளைகாப்பு முகப்பேரில். மஞ்சுவின் மாமியார் வீடு அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில். பக்கத்திலேயே மாடியில் ஒரு சின்ன ஹால் பிடித்திருந்தார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அங்கே அக்கினி நட்சத்திரம். பட்டுப்புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மஞ்சுவை நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். அழகாக இருந்தாள். அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இரண்டுமே நிஜம்.

உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். கர்ப்பிணி எழுந்ததும், பிள்ளை இல்லாதவளை அதே நாற்காலியில் உட்கார வைத்து வளையல் போடுவார்கள். அடுத்தது அவளுக்கு ஆகட்டும் என்று. எனக்கு இது புதிதில்லை, ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது உட்கார வைப்பார்கள். மஞ்சுவின் மாமியார் நல்ல மனுஷி. வளையல் தட்டோடு என்னைத் தேடி வந்தார். "வாம்மா செல்வி, வந்து உக்காரு."

நான் எழுந்தேன். அதற்குள் அம்மா வந்து குறுக்கே நின்றாள்.

"அவளுக்கு வோணாம் சம்மந்தி."

"ஏங்க?"

அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. "அவளுக்கு அப்பால நாம தனியா பண்ணிக்கலாம்" என்றாள்.

ஹாலில் இருந்த அத்தனை பெண்களும் என் வயிற்றைப் பார்த்தார்கள். "அப்படிப் போடு! சொல்லவே இல்லையே!" என்று மாமியார் என் கன்னத்தில் சந்தனத்தை அப்பினார். "மூணு மாசம் ஆவட்டும்னுதான்" என்று அம்மா அவர் காதோரம் சொன்னது எனக்கும் கேட்டது.

பப்பாளி, குடம், மாத்திரை, குழம்பு, எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மூன்று மாதம் முடியும் வரை வாய் திறக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் நோயை மறைத்துப் பேசாமல் இருந்தேன். அம்மா அதைப் பிள்ளையை மறைத்துப் பேசாமல் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். நான் எவ்வளவுக்கெவ்வளவு வாயை மூடினேனோ, அவளுக்கு அவ்வளவுக்கவ்வளவு நிச்சயம் ஆகியிருக்கிறது.

வியர்வை உச்சந்தலையில் ஆரம்பித்து இறங்கியது. கூடவே கோபமும். அம்மாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் கை கழுவுகிற இடத்துக்குப் போனேன்.

"எம்மா, என் வயித்துல புள்ள இல்ல. கேன்சர். கர்ப்பப்பைல. அந்த மாத்திரை அதுக்குத்தான். இந்த உடம்பு அந்த மாத்திரையால வந்தது."

பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று விமானத்தில் ஒத்திகை பார்த்ததெல்லாம் போயே போயிற்று.

அம்மாவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. அதுதான் கொடுமை. சிரிப்பு அங்கேயே இருந்தது, கண் மட்டும் மாறியது. "இன்னாடி சொல்ற" என்றாள். பிறகு, "நான் யாராண்டயும் ஒரு வார்த்த கேக்கலடி. கண்ணு பட்ரும்னு கம்னு இருந்தேன்" என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

உள்ளேயிருந்து பந்திக்குக் கூப்பிட்டார்கள். அம்மா குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள். போய், வந்தவர்களுக்குப் புளிசாதம் பரிமாறினாள். என்னைக் காட்டி யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

5

மறுநாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"அத்த எடுத்துடு."

"எத்த?"

"அதாண்டி. கர்ப்பப்பைய. எடுத்தா செரியாப் பூடுமா இல்லியா?"

"ஆரம்பந்தான், எடுத்தா பெரும்பாலும் சரியாயிடும்னு சொல்றாங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு வெச்சிகினு, ஊரு பேரு தெரியாத மாத்திரயத் துன்னுகினு, ஒடம்ப ஊத வெச்சிகினு கீற?"

"புள்ளைக்கும்மா."

அம்மா திரும்பினாள். "எனக்கு இன்னாத்துக்குடி உன் புள்ள? மஞ்சு பெத்துக் குடுக்கப் போறா, அது போதும். எனக்கு நீ வோணும்."

நியாயமாக நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். பத்து வருடமாக 'விசேஷமா, விசேஷமா' என்று கேட்டுக் கேட்டு என்னைக் கொன்றவள், அந்த ஒரு வாக்கியத்தில் என்னை விடுதலை செய்துவிட்டாள். ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம்.

"உனக்காகத்தான் வெச்சிகினு கீறேன்னு நெனச்சியா? எனக்கு வோணும்மா! எனக்கு!"

தெருவுக்கே கேட்டிருக்கும். கத்திவிட்டு, வழக்கம்போல எனக்குள் கேட்டுக்கொண்டேன், நீயா, மாத்திரையா? அன்றைக்குச் சந்தேகமே வரவில்லை. அது நான்தான். அதுவரைக்கும் அம்மாவுக்காக, குமரேசனுக்காக, கேட்கிற ஊர்வாய்க்காகத்தான் இந்தக் கஷ்டத்தையெல்லாம் படுகிறேன் என்று எனக்கே நான் சொல்லி வைத்திருந்தேன். யாருக்கும் வேண்டாம் என்றான பிறகும் எனக்கு வேண்டியிருந்தது. காப்பகத்தில் லீனாவுக்கு மூக்குத் துடைத்துவிடும்போதெல்லாம் கையில் ஒரு தவிப்பு வரும். அது மாத்திரைக்கு முன்பிருந்தே உண்டு.

அம்மா அடுப்பை அணைத்தாள். பக்கத்தில் வந்து குந்தினாள்.

"செரி, கத்தாத. இன்னும் எத்தினி நாளு பாக்கலாம்னு சொல்றாங்கோ?"

"அடுத்த டெஸ்ட் வரைக்கும்."

"அதுவரைக்கும் பாரு. நான் வோணாம்னு சொல்லல. அப்பால டாக்டரு எடுக்கணும்னு சொல்ட்டா எடுத்துடணும். அன்னிக்கு எனக்கு வோணும், உனக்கு வோணும்னு பேசக் கூடாது. என் தலமேல அடிச்சி சொல்லு."

அடித்துச் சொன்னேன். அவள் எண்ணெய்த் தலையில் என் உள்ளங்கை வழுக்கியது. "சம்மந்தியாண்ட நான் பேசிக்கறேன்" என்றாள். என்ன பேசினாளோ, ஊர் திரும்பும் வரை ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

6

இரண்டாவது பரிசோதனையின் முடிவைச் சொல்ல டாக்டரம்மா நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது.

"கூடியிருக்கிறது" என்றார்.

"இன்னும் ஒரு சுற்று?"

"நீங்கள் என் தங்கையாக இருந்தால் அதற்கு விட மாட்டேன்."

வெளியே வந்து குமரேசனிடம் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து என் காலுறையைச் சரி செய்துவிட்டார். அது சரியாகத்தான் இருந்தது. குனிந்த தலையை அவர் ரொம்ப நேரம் நிமிர்த்தவில்லை.

எனக்குப் பிள்ளை பிறக்காது. தமிழில் இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதிப் பார்க்கிறேன். இத்தனை மாதம் தின்ற மாத்திரை, சுமந்த உடம்பு, வீசிய கரண்டி, எல்லாம் எதற்கு? முயன்றோம், நடக்கவில்லை. தத்து எடுக்கலாமே என்று எழுதிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வீர்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே மஞ்சுவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டுதான் பேசினாள், குழந்தை முனகுவது கேட்டது.

"எம்மா, எடுக்கணுமாம்."

குழந்தையை யாரிடமோ கொடுக்கிற சத்தம் கேட்டது.

"நான் வரேன்" என்றாள்.

திருப்பதிக்கு அந்தப் பக்கம் போகாதவள். "நீ எதுக்கும்மா, மஞ்சுவுக்கு யாரு பாக்கறது?" என்றேன். "சம்மந்தி பாப்பாங்க. நான் வரேன்னு சொல்றேன்ல" என்று வைத்துவிட்டாள்.

அம்மாவின் விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்துக்காக இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், காப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள். மாத்திரைக் கோபம் வேறு. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். கடைசியில் அகப்பட்ட எழுத்தர் வயசான மனிதர்.

"உங்கள் நாட்டு அம்மாக்கள் வந்தால் பேரக்குழந்தை பிறக்கும்போதுதான் வருவார்கள். நோக்கம் அதுதானே, போட்டுவிடவா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. இங்கே நம் ஊர்ப் பெண்கள் எல்லாருடைய அம்மாவும் விமானம் ஏறுவது பிரசவம் பார்க்கத்தான். பெட்டி நிறைய மருந்துப் பொடியோடு வந்து, பத்தியம் சமைத்து, தாயையும் பிள்ளையையும் தேற்றிவிட்டுப் போவார்கள். ஒவ்வொருத்தி வீட்டிலும் போய் அந்தப் பத்தியச் சமையலை நான் ருசி பார்த்திருக்கிறேன்.

"இல்லை. ஆபரேஷன்."

"அம்மாவுக்கா?"

"எனக்கு."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "அம்மா வருவது நல்லது" என்று சொல்லிவிட்டு மறுபடி தட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஒரு காகிதமும் கேட்கவில்லை.

7

அம்மா வந்துவிட்டாள். டிராமைப் பார்த்து, "இன்னா, ரோட்டு மேலயே ரயிலு உட்டுகீறான்" என்றாள். இந்த ஊர் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். என் காலுறையை மாட்டிவிடும் வேலையைக் குமரேசனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவருக்கு மூச்சு வாங்கும், அம்மாவுக்கு வாங்குவதில்லை.

ஆபரேஷன் வருகிற வாரம். இன்று காலையில் அம்மா பெட்டியைச் சமையலறைத் தரையில் திறந்துவைத்துச் சாமான்களை எடுத்து அடுக்கினாள். சுக்கு, பெருங்காயம், வற்றல் சுண்டைக்காய், பூண்டு, ஒரு டப்பாவில் பிரசவ லேகியம். அடியில் பழைய நூல் சேலைகள், துவைத்துத் துவைத்துப் பஞ்சு போல் ஆனவை. பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற துணி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எம்மா, இதெல்லாம் புள்ள பெத்தவளுக்கும்மா. நான் என்ன பெத்துக்கப் போறேன்?"

அம்மா நிமிரவில்லை. சேலையை உதறினாள்.

"பெத்தா இன்னா, பெக்காட்டி இன்னா? வயித்த அறுத்துகினு வர்றவ ஒடம்பு பச்ச ஒடம்புதான். பத்தியம் பாக்கணும், தண்ணில கை வெக்கக் கூடாது, காத்து படாம படுத்துக் கெடக்கணும். மஞ்சுவுக்குப் பண்ணேன். உனுக்கு யாரு பண்றது?"

"டாக்டரைக் கேக்காம லேகியத்தைத் தொட மாட்டேன்."

"கேளு. வோணாம்னா மூடி வெச்சிடறேன். சோறாக்கிப் போடறதுக்கு அந்தம்மாவக் கேக்கணுமா?"

ஒவ்வொருத்தி வீட்டிலும் நான் கதவோரம் நின்று பார்த்த அத்தனையும் என் சமையலறைத் தரையில் பரப்பியிருந்தது. இந்த ஜென்மத்தில் இது எனக்குக் கிடையாது என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். அம்மா தடுக்கவில்லை.

அழுது முடித்துவிட்டு சாமான்களை எடுத்து அலமாரியில் வைத்தேன். மஞ்சுவுக்குக் கொடுத்த எல்லாமே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கென்று எங்கள் பக்கம் சுறாக் கருவாட்டுப் புட்டு செய்து போடுவார்கள். பெட்டியை அடிவரை துழாவினேன். அந்தக் கருவாடு மட்டும் இல்லை. எனக்கு அது வேண்டியிருக்காது என்று அதை மட்டும் எடுத்து வெளியே வைத்தபோது அம்மா கோவில்பதாகை வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். சேலையின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன், இரண்டு பேருமாக மடித்தோம்.